"ஊத்தாத நாளுக்குக் கோடுதான் போடுவாங்க!"

அம்மா நியூசிலாந்துக்கு வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. ஏப்ரல் மாதம். கோபிச்செட்டிபாளையத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும் நேரத்தில், ஹாமில்டனில் மரங்கள் இலையை உதிர்த்துக்கொண்டிருந்தன. ஸ்வெட்டருக்கு மேல் ஒரு சால்வையையும் போர்த்திக்கொண்டு, சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, மகள் லேப்டாப்பில் அப்படி என்னதான் செய்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்கண்ணு, நாலு நாளா அதையே பார்த்துட்டு உக்காந்திருக்கறே?"

"ரெண்டு பாஷைக்கு நடுவுல பாலம் போடறேன்மா."

"எந்த ரெண்டு பாஷை?"

"ஒண்ணு ஜாவா. இன்னொண்ணு ஆர்."

"ஒரே எழுத்துல ஒரு பாஷையா?" என்று அம்மா சிரித்தார். பிறகு கீரை ஆய உட்கார்ந்துவிட்டார்.

அவள் புள்ளியியல் படித்தவள். பால் பண்ணைகளுக்குக் கணக்கு பார்த்து ஆலோசனை சொல்லும் சின்ன நிறுவனம் ஒன்றில் வேலை. ஹாமில்டனைச் சுற்றியுள்ள வைகாட்டோ பகுதி முழுக்கப் புல்வெளியும் மாடுகளும்தான். அங்கே பெரும்பாலான மாடுகள் ஜூலை, ஆகஸ்ட்டில் கன்று போடும். அடுத்த ஏப்ரல், மே வரை பால். குளிர்காலத்தில் புல் வளர்வது குறைந்துவிடும் என்பதால், அதற்கு முன்பே எந்த மாடுகளை வைத்துக்கொள்வது, எவற்றை அனுப்பிவிடுவது என்று பண்ணைக்காரர்கள் முடிவெடுத்தாக வேண்டும். அனுப்புவது என்றால் எங்கே என்பதை அம்மாவிடம் அவள் சொல்லவில்லை. அம்மாவும் முதலில் கேட்கவில்லை.

அந்தப் பட்டியலைத் தயாரிப்பது நிறுவனத்திடம் இருந்த ஒரு பழைய ஜாவா லைப்ரரி. எழுதியவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். நன்றாக ஓடுகிற வண்டி, பானெட்டைத் திறக்க யாருக்கும் தைரியமில்லை. ஆனால் மற்ற எல்லா அலசலும், வரைபடமும் ஆர் மொழியில்தான் நடந்தன. அதனால் ஒவ்வொரு வாரமும் இங்கேயிருந்து ஒரு ஃபைலை எழுதி அங்கே கொடுப்பது, அங்கே வந்ததை மறுபடி இங்கே படிப்பது என்று ஒருவர் அரை நாள் மல்லுக்கட்டுவார். இரண்டையும் நேரடியாக இணைத்துவிடு என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

இப்படி இரண்டு மென்பொருள்களை இணைக்க எழுதும் நிரலுக்குக் கணினிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'குளூ கோட்'. குளூ என்றால் பசை. சொந்தமாக எந்தக் கணக்கும் போடாது. இந்தப் பக்கம் சொல்வதை அந்தப் பக்கத்துக்குப் புரியும்படி சொல்லும், பதிலை வாங்கி வந்து கொடுக்கும். கல்யாணத் தரகர் மாதிரி. இரண்டு வீட்டாரும் நல்லவர்களாகவே இருக்கலாம். நடுவில் போய் வருகிறவர் ஒரு வார்த்தையை முழுங்கிவிட்டால் போதும், சம்பந்தம் தகராறில் முடியும்.

ஆர் மொழி பிறந்தது ஹாமில்டனிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஆக்லாந்தில். 1990-களின் தொடக்கத்தில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் உருவாக்கியது. இருவர் பெயருக்கும் முதலெழுத்து ஆர், அதுவே மொழிக்கும் பெயர். அதே காலத்தில் ஹாமில்டனிலுள்ள வைகாட்டோ பல்கலைக்கழகத்தில் 'வேகா' என்ற மென்பொருள் தயாராகிக்கொண்டிருந்தது. தரவுகளைப் பார்த்து, அதில் இருக்கும் ஒழுங்கைத் தானே கற்றுக்கொள்ளும் மென்பொருள். வேகா என்பது அந்த நாட்டின் பறக்கத் தெரியாத ஒரு பறவை. 1997-இல் அதை முழுக்க ஜாவாவில் திருப்பி எழுத முடிவுசெய்தார்கள். எந்தப் பசுவை வைத்துக்கொள்வது, எதை அனுப்புவது என்பதும் வேகா குழுவினர் ஆரம்பத்தில் ஆராய்ந்த கேள்விகளில் ஒன்று!

இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊரில் வளர்ந்த பிள்ளைகள். ஆனால் ஒன்றுக்கு மற்றதன் பேச்சு புரியாது. சைமன் உர்பானெக் எழுதிய 'ஆர்ஜாவா' என்ற தொகுப்புதான் ஆரிலிருந்து ஜாவாவைக் கூப்பிட வழி செய்தது. அதன்மேல் நின்று ஆருக்கும் வேகாவுக்கும் பாலம் கட்டியவர்களில் முக்கியமானவர் கர்ட் ஹோர்னிக், வியன்னாக்காரர். பக்கத்து ஊர்களைச் சேர்த்துவைக்க உலகத்தின் மறுபக்கத்திலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது.

அவர்கள் செய்த ஒரு வேலை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வேகாவில் கற்றல் முறைகள் ஏராளம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பாலம் எழுதாமல், பாலம் எழுதிக்கொடுக்கும் ஒரு கருவியையே எழுதிவிட்டார்கள். ஜாவா வகுப்பின் பெயரைக் கொடுத்தால், அதற்கான ஆர் செயல்பாடு தயாராகி வந்துவிடும்.

அவளும் அதே வழியில் போனாள். நிறுவனத்தின் லைப்ரரியில் இருநூற்றுச் சொச்சம் செயல்பாடுகள். கையால் எழுத ஆரம்பித்து இருபதைத் தாண்டுவதற்குள் இரண்டு நாள் போய்விட்டது, கண்ணும் எரிந்தது. ஜாவாவில் ஒரு சௌகரியம் உண்டு. ஒரு வகுப்பிடமே, 'உன்னிடம் என்னென்ன செயல்பாடுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எதை வாங்கும், எதைத் திருப்பிக் கொடுக்கும்?' என்று கேட்கலாம். அது சொல்லும். முழு எண்ணுக்கு 'ஐ', தசம எண்ணுக்கு 'டி' என்று குறியெழுத்துகள். நீளமான முழு எண்ணுக்கு மட்டும் 'ஜே'. 'எல்' ஏற்கெனவே வேறு காரியத்துக்குப் போய்விட்டதால் இந்த ஏற்பாடு. இந்தப் பதில்களை வைத்துக்கொண்டு, ஒரு அச்சில் வார்ப்பதுபோல, ஒவ்வொன்றுக்கும் ஆர் நிரலை எழுதித் தள்ளும் சின்ன நிரல் ஒன்றை எழுதினாள். ஓடவிட்டால், பால் பொங்குவதற்குள் எல்லாமே தயார்.

அச்சு வார்ப்பதற்கு முன் சில மேடுபள்ளங்களைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஆர் ஒன்றிலிருந்து எண்ணும், ஜாவா பூஜ்யத்திலிருந்து எண்ணும். ஆருக்கு ஒற்றை எண்ணும் ஒரு வரிசைதான், ஒரே ஆள் நிற்கிற வரிசை. ஒரே ஒரு முறை பால் அளந்த மாட்டின் விவரம் போனால், 'வரிசையைக் கேட்டால் ஒற்றை எண்ணைத் தருகிறாயே' என்று ஜாவா முறைத்துக்கொண்டது. மாட்டின் காதில் இருக்கும் மின்னணு அடையாள எண் 15 இலக்கம். ஆர் அதைத் தசம எண்ணாகத்தான் வைத்துக்கொள்ளும். 9007199254740992 வரை பிசகாது என்பதால் மயிரிழையில் தப்பித்தது. இதையெல்லாம் அவள் ஒவ்வொன்றாகப் பிடித்தாள். பத்து மாடுகளை எடுத்து, பழைய வழியிலும் புதிய வழியிலும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கடைசி இலக்கம் வரை ஒத்துப்போனது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஒரு பண்ணைக்கு அழைத்துப் போனாள். வாடிக்கையாளர் பண்ணைதான். முன்னூறு மாடுகளுக்கு மேல். ராட்டினம் மாதிரி மெதுவாகச் சுற்றும் மேடையில் மாடுகள் தாங்களே ஏறி நிற்க, ஒரு சுற்று முடிவதற்குள் கறந்து முடிந்து இறங்கிப் போவதை அம்மா வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார். முப்பது வருஷம் இரண்டு மாடு, மூன்று மாடு என்று வைத்துப் பால் சொசைட்டிக்கு ஊற்றியவர் அவர். மகளின் காலேஜ் ஃபீஸில் பாதி அந்தப் பாலிலிருந்து வந்தது.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு தனிப் புல்வெளியில் நாலைந்து மாடுகள் மட்டும் நின்றிருந்தன. அதில் ஒன்று செவலை நிறம், ஜெர்சிக் கலப்பு. அம்மா வேலியோரம் நின்று அதையே பார்த்தார். ஒரு பின்னங்காலை லேசாகத் தாங்கி நடந்தது.

"கால்ல புண்ணு பட்டு ஆறியிருக்குது. மடியைப் பாரு கண்ணு. இது நல்லாக் கறக்கற மாடு."

பண்ணைக்காரரிடம் அவள் இதை மொழிபெயர்த்தாள். அவர் ஆச்சரியப்பட்டார். ஆமாம், குளம்பில் புண், மருந்து போட்டதால் கொஞ்ச நாள் பாலைச் சேர்க்காமல் தனியாகக் கறந்தோம், இப்போது தேவலை என்றார். காதிலிருந்த பட்டையில் 417 என்று இருந்தது. அம்மாவுக்கு அது செவலை.

புதன்கிழமை மூன்று பண்ணைகளுக்கான பட்டியலைப் புதிய பாலத்தின் வழியாக எடுத்து அனுப்பினாள். அரை நாள் வேலை அரை நிமிஷத்தில் முடிந்தது. அலுவலகத்தில் கைகொடுத்தார்கள்.

வியாழக்கிழமை ராத்திரி. சாப்பிட்ட பிறகு, இத்தனை நாள் என்ன செய்தோம் என்பதை அம்மாவிடம் காட்டினாள். திரையில் எண்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, எண் வரும்.

"இது என்ன வரிசை?"

அவள் சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னாள். "குளிருக்கு முன்னாடி அனுப்பற மாடுங்கம்மா. பால் கொறஞ்சது."

அம்மாவின் விரல் இரண்டாவது வரியில் நின்றது. 417.

"நம்ம செவலையா? அது எப்புடி இதுல வந்துச்சு?"

"பால் சராசரி கொறச்சலா இருக்குது."

"இருக்காது கண்ணு. நான் மடியைப் பார்த்தனே."

இங்கே மகளுக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். நாலு நாள் வேலையை, வேலிக்கு அந்தப்புறம் நின்று ஐந்து நிமிஷம் பார்த்ததை வைத்து இல்லையென்கிறாரே! நிரூபித்துக் காட்டுகிறேன் என்று 417-இன் பதிவைத் திறந்தாள். அந்தப் பருவத்தில் நாலு முறை ஒவ்வொரு மாட்டுக்கும் பாலின் திடச்சத்தை அளந்திருந்தார்கள். 417-க்கு முதல் அளவு 1900 கிராம், கடைசி அளவு 1700. நடுவே இரண்டு கட்டங்கள் காலி. புண்ணுக்கு மருந்து போட்ட நாட்கள், அளக்கவில்லை. இருப்பதை மட்டும் பார்த்தால் சராசரி 1800. திரையில் இருந்ததோ 900.

"காலியா இருக்கறதைச் சைபர்னு எடுத்துக்கிச்சு போல" என்று முணுமுணுத்தாள்.

"அதெப்புடி எடுக்கும்? நம்ம பால் நோட்டுல ஊத்தாத நாளுக்குக் கோடுதான் போடுவாங்க. சைபர் போட மாட்டாங்க. கோடுன்னா ஊத்தலைன்னு அர்த்தம், மாடு கறக்கலைன்னு இல்லையே!"

ஆர் மொழியிலும் அந்தக் கோடு உண்டு. 'மதிப்பு இல்லை' என்பதற்குத் தனிக் குறி இருக்கிறது. புள்ளியியல்காரர்கள் உருவாக்கிய மொழி என்பதால், 'தெரியாது' என்பதையும் ஒரு பதிலாக மதிக்கும். ஜாவாவின் சாதாரண முழு எண்ணில் அப்படியொரு குறி கிடையாது. அப்படியானால் அந்தக் கோடு பாலத்தைத் தாண்டும்போது என்னவாக மாறியது?

அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. முழு எண்களில் மிக மிகச் சிறியதான -2147483648 என்ற எண்ணை எடுத்து, 'இதை மதிப்பில்லை என்று வைத்துக்கொள்வோம்' என்று ஆர் தனக்குள் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. ஆருக்குள் இருக்கும்வரை அது கோடு. ஜாவாவுக்குப் போனால் வெறும் எண். இருநூற்றுப் பதினான்கு கோடிக்கும் மேலே, அதுவும் கடனாக!

அப்படியென்றால் சராசரி கன்னாபின்னாவென்று வந்திருக்க வேண்டுமே, 900 எப்படி? ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்த மாடுகளுக்கு அப்படித்தான் வந்திருந்தது. அந்தப் பழைய லைப்ரரி, சராசரி கழித்தல் குறியோடு வந்தால் 'பதிவில் பிழை' என்று ஒதுக்கி வேறொரு ஃபைலில் போட்டுவிடும். அந்த ஃபைலை யாரும் திறப்பதில்லை. ஆனால் இரண்டு கட்டம் காலியாக இருந்தால்? அந்தப் பெரிய கடனை இரண்டு முறை கூட்டும்போது, 32 பிட்டுக்குள் அடங்காமல் நிரம்பி வழிந்து, ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் 99999-க்குப் பிறகு 00000 என்று திரும்புவதுபோல, மிகச் சரியாகப் பூஜ்யத்தில் வந்து நிற்கும். மிச்சம் 1900-ம் 1700-ம் கூட்டி 3600. நாலால் வகுத்தால் 900. பார்ப்பதற்கு ஒழுங்கான எண். சுமாராகக் கறக்கும் மாடு என்று யாரும் நம்பிவிடுவார்கள்.

முதலில் அவள் ஒத்துப் பார்த்த பத்து மாடுகளுக்கும் நாலு அளவும் முழுதாக இருந்தன. பழைய வழியில் ஃபைலைப் படிக்கும் இடத்தில், ஓய்வுபெற்ற அந்த மனிதர் காலிக் கட்டங்களைத் தள்ளிவிட ஒரு வரி எழுதி வைத்திருந்தார். புதிய பாலம் அந்த வழியாகப் போகவேயில்லை.

தசம எண்ணாக இருந்திருந்தால் இந்த விபத்து நடந்திருக்காது. அதில் ஆரின் கோடு, 'எண்ணே இல்லை' என்று ஜாவாவுக்கும் புரியும் வடிவத்தில் போய்ச்சேரும். தொட்ட கணக்கையெல்லாம் கெடுத்து, தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் குறிக்குள் அடையாளமாக 1954 என்ற எண்ணை ஒளித்து வைத்திருக்கிறார்கள். ராஸ் இஹாகா பிறந்த ஆண்டும் 1954. ராத்திரி பத்தரை மணிக்கு இதை நினைத்துச் சிரிக்கும் நிலையில் அவள் இல்லை. மாடுகளை ஏற்றிப்போக லாரி வெள்ளிக்கிழமை காலையில் வரும்.

பண்ணைக்காரரைத் தூக்கத்திலிருந்து எழுப்பினாள். விஷயத்தைச் சொன்னதும் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. 417-ஐப் பார்த்து எனக்கும் உறுத்தியது, ஆனால் ஆறு வருஷமாக உங்கள் பட்டியல் தப்பியதில்லையே என்று விட்டுவிட்டேன் என்றார். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். மற்ற இரண்டு பண்ணைகளுக்கும் போன் போட்டாள். ஒருவர் எடுக்கவில்லை. நாலாவது முறை அவர் மனைவி எடுத்தார்.

பிறகு திருத்த உட்கார்ந்தாள். கருவியை வைத்துக் குளூ கோட் எழுதுவதில் உள்ள ஆபத்து அப்போதுதான் அவளுக்கு முழுதாக உறைத்தது. கையால் எழுதியிருந்தால் ஏதோ ஒன்றிரண்டில் மறந்திருப்பாள். அச்சில் விட்டுப்போனதால், முழு எண் வரிசை வாங்கும் அத்தனை செயல்பாட்டிலும் அதே ஓட்டை. அதே காரணத்தால் அடைக்க வேண்டியதும் ஒரே இடத்தில்தான். அச்சில் இரண்டு வரி சேர்த்தாள். காலிக் கட்டத்தைச் சத்தமில்லாமல் தள்ளிவிடலாமா என்று யோசித்தாள். சராசரிக்கு அது சரி, தேதி வரிசைப்படி பார்க்கும் கணக்குகளில் அது வேறொரு தப்பை உண்டாக்கும். அதனால் கோடு இருந்தால் பாலத்தைத் தாண்டவே விடாமல், 'இத்தனையாவது இடத்தில் மதிப்பில்லை, என்ன செய்யட்டும்?' என்று கேட்டு நிற்கும்படி எழுதினாள். கூப்பிடுகிறவர் பதில் சொன்னால்தான் மேலே போகும். கொஞ்சம் தொந்தரவுதான். இருக்கட்டும்.

மறுபடி ஓடவிட்டாள். சரிபார்க்க இந்த முறை பத்து மாடு இல்லை, மூன்று பண்ணையின் எல்லா மாடுகளும். காலிக் கட்டம் இருந்தவற்றைத் தனியாக எடுத்து, ஒவ்வொன்றையும் காகிதத்தில் கூட்டி வகுத்துப் பார்த்தாள். அம்மா எதிரே உட்கார்ந்து எண்களைப் படித்துச் சொன்னார். தமிழில்தான். ஆயிரத்து எழுநூறு, ஆயிரத்து அறுநூத்தி அம்பது, கோடு, ஆயிரத்து ஐநூறு.

முடியும்போது மணி ஒன்றே முக்கால். புதிய பட்டியலை அனுப்பினாள். முதல் பண்ணையின் பட்டியலில் 417 இல்லை. அதோடு இன்னும் ஐந்து மாடுகளும் வெளியே வந்திருந்தன. பிழை என்று ஒதுக்கப்பட்டிருந்தவற்றில் மூன்று, புதிதாக உள்ளே போயிருந்தன.

அம்மா அந்த மூன்று எண்களையும் பார்த்தார்.

"இதெல்லாம் செரியான கணக்குத்தானா கண்ணு?"

"சரியான கணக்குதாம்மா. ரெண்டு தடவை பார்த்தாச்சு."

அம்மா தலையாட்டினார். கூட்டிப் பார்த்த காகிதங்களை அடுக்கி ஓரமாக வைத்தார். காலையில் லாரி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார். ஏழு மணிக்கு என்றாள். சரி, நீ போய்ப் படு என்று சொல்லிவிட்டு, விளக்கை அணைக்காமல் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.